எட்டுச் சுவர்க் கணக்கு

கொஞ்சம் நூல் எடுத்து, சுற்றளவு 80 செ.மீ. வருகிற மாதிரி முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள். மேசைமேல் 30-க்கு 10 என்று செவ்வகமாக வைத்தால், உள்ளே கிடைக்கும் பரப்பு 300 சதுர செ.மீ. அதே நூலை 20-க்கு 20 சதுரமாக்கினால் 400. பக்கத்துக்கு 10 செ.மீ. வீதம் எட்டுப் பக்கம் வையுங்கள், ஏறக்குறைய 483! நூல் கூடவில்லை, இடம் மட்டும் கூடிக்கொண்டே போகிறது. வட்டமாக்கினால் 509 வரை எட்டலாம். ஆனால் வளைந்த சுவர் எழுப்புவதும், அதற்குத் தோதாக ஜன்னலும் கூரையும் செய்வதும் கொத்தனாருக்கும் தச்சருக்கும் பெரும்பாடு. எட்டு நேர்ச்சுவர்கள் என்றால் அந்தத் தொல்லை பாதி குறையும்.

இந்தக் கணக்கைச் செங்கல்லில் பார்க்க இங்கிலாந்தின் நாரிச் நகருக்குப் போகவேண்டும். அங்கே கோல்கேட் தெருவில் எண்கோண வடிவத் தேவாலயம் ஒன்று இருக்கிறது. 1754-இல் தொடங்கி 1756-இல் முடித்தார்கள். அமைத்தவர் தாமஸ் ஐவரி. அப்போது ஆண்டவர் இரண்டாம் ஜார்ஜ் மன்னர். நாட்டில் அரசின் ஆதரவு பெற்ற திருச்சபை ஒன்று இருந்தது. அதன் முறைகளுக்கு உடன்படாமல் தனியே கூடி வழிபட்ட கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் வெளிப்படையாகக் கூடி வழிபட 1689-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றுதான் வழிவிட்டது. நாரிச்சில் இதைக் கட்டிய பிரெஸ்பிட்டீரியன் சபையார் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள்.

இவர்களுடைய வழிபாட்டில் பிரசங்கத்துக்குத்தான் முதலிடம். போதகர் சொல்வது கடைசி வரிசைப் பாட்டிக்கும் தெளிவாகக் கேட்கவேண்டும். மைக் இல்லாத காலம்! குரல் வாயிலிருந்து கிளம்பி விரிந்துகொண்டே போகிறது. அதனால் தூரம் இரண்டு மடங்கானால், நேராக வந்து சேரும் ஒலியின் செறிவு கால் பங்காகிவிடும். பேசுபவருக்கும் கேட்பவருக்கும் நடுவே உள்ள தூரத்தைக் குறைப்பதே நல்ல வழி.

நம் நூல் அளவுகளை அடிகளாக மாற்றிக்கொள்ளுங்கள். 30 அடி நீளச் செவ்வகக் கூடத்தின் ஒரு கோடியில் நின்று பேசினால், எதிர்மூலை 30 அடிக்கும் அப்பால். எண்கோணத்தில் ஒரு சுவரின் நடுவே நின்று பேசினாலும், மிகத் தொலைவான மூலை 25 அடிக்குள் வந்துவிடும். ஆட்களும் அதிகம், தூரமும் குறைவு. இதற்கு மேலும் ஆள் வந்தால்? கூடத்தைப் பின்னால் நீட்டாமல், சுவர்களை ஒட்டி மாடியில் கேலரி அமைத்து அங்கே உட்காரவைத்தார்கள்.

கேலரி வந்தால் அதன் கீழே இருட்டு விழுமே! அதனால்தான் நாரிச் தேவாலயத்தில் ஜன்னல்கள் இரண்டு அடுக்காக இருக்கின்றன, கீழே இருப்பவர்களுக்கு ஒன்று, மேலே இருப்பவர்களுக்கு ஒன்று. எட்டுச் சுவரும் எட்டுத் திசை பார்ப்பதால், சூரியன் எந்தப் பக்கம் இருந்தாலும் சில ஜன்னல்களுக்காவது வெளிச்சம் கிடைக்கும். உள்ளே எட்டுப் பெரிய தூண்கள் கூரையின் பாரத்தைத் தாங்குகின்றன. தூண் உச்சிகளில் இலை இலையாய்ச் செதுக்கிய கொரிந்தியன் வேலைப்பாடு. எளிமையை விரும்பிய சபையார்தான், இருந்தாலும் இந்த இடத்தில் கை கொஞ்சம் தாராளமாகவே போயிருக்கிறது.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1757-இல் இதைப் பார்க்க வந்தார். அசந்துபோனார். இத்தனை நேர்த்தியான கட்டடத்தில் பழைய எளிய போதனை எடுபடுமா என்ற சந்தேகமும் அவருக்கு வந்தது! ஆனாலும் குரல் நன்றாகக் கேட்க இந்த வடிவமே சிறந்தது, நிலம் இடம்கொடுத்தால் எண்கோணமாகவே கட்டுங்கள் என்று பின்னாளில் தம் சபையாருக்கு அறிவுரை சொன்னார். வட இங்கிலாந்தில் யார்ம், ஹெப்டன்ஸ்டால் ஆகிய ஊர்களில் 1760-களில் எழுந்த எண்கோணத் தேவாலயங்கள் இன்றும் நிற்கின்றன.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. செவ்வகக் கூடம் போதாவிட்டால் ஒரு கோடிச் சுவரை இடித்து நீட்டிவிடலாம், வடிவம் கெடாது. எண்கோணத்தை அப்படி நீட்டினால் எட்டுப் பக்கமும் சமமாக இருக்காது. ஹெப்டன்ஸ்டாலில் கூட்டம் பெருகியதும் 1802-இல் அதைத்தான் செய்தார்கள். இன்று அது இழுத்து நீட்டிய எண்கோணம். வெஸ்லியும் லண்டனில் 1778-இல் திறந்த தம் சொந்தத் தேவாலயத்தைச் செவ்வகமாகத்தான் கட்டினார்!