குறியும் குழலும் – 9: கானலைப் படிக்கும் கண்

துப்பாக்கி மேல் மாட்டும் ஸ்கோப் வேறு, பக்கத்தில் ஸ்டாண்டில் நின்று இலக்கில் விழுந்த துளையைக் காட்டும் ஸ்பாட்டிங் ஸ்கோப் வேறு. இதைப் போன வாரமே முடித்தாயிற்று. விட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளவும். இந்த வாரம், ஸ்பாட்டிங் ஸ்கோப் பெட்டி மேல் இருக்கும் எண்கள்.

‘20-60x80’ என்றால் 20 முதல் 60 மடங்கு வரை பெரிதாக்கும், முன்கண்ணாடியின் விட்டம் 80 மி.மீ. கடைக்காரர் 60-ஐக் காட்டுவார். நீங்கள் 80-ஐப் பாருங்கள். விட்டத்தை மடங்கால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 20-இல் 4 மி.மீ.; 60-இல் 1.3 மி.மீ.தான். உருவம் பெரிதாகும், கூடவே மங்கும்.

எத்தனை மடங்கு போதும்? 10 மீட்டர் ஏர் ரைஃபிளில், எலெக்ட்ரானிக் இலக்கு இருந்தால் மானிட்டரே சொல்லிவிடும். காகித இலக்கில் 50 மீட்டரில் .22 தோட்டா போடும் துளை சுமார் 5.6 மி.மீ. அதற்கு 20, 25 மடங்கு தாராளம். 300 மீட்டரில் 7.62 மி.மீ. துளை என்றால் 40 வரை போகலாம். அதற்கு மேல் போனால், தாம்பரம் வெயிலில் துளையோடு சேர்ந்து கொதிக்கும் காற்றும் பெரிதாகிவிடும்.

இங்கேதான் இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத சங்கதி. நாம் தொல்லை என்று திட்டும் அந்தக் கானலைத்தான் தேர்ந்த சுடுநர்கள் காற்றுமானியாக வைத்துக்கொள்கிறார்கள். இலக்கைத் தெளிவாகப் பார்த்துவிட்டு, ஃபோகஸைச் சற்றே தம் பக்கம் இழுக்கிறார்கள். இலக்கு லேசாகக் கலங்கும். நடுவழியில் நெளியும் காற்று தெளியும். நெளிவு இடமிருந்து வலம் ஓடினால் காற்று இடப்பக்கத்திலிருந்து வருகிறது. வேகம் கூடக் கூட அலை படுத்துக்கொள்ளும். நேர் மேலே கொதித்தால் குறுக்குக்காற்று இல்லை, அல்லது திசை மாறப்போகிறது. விசையில் இருக்கும் விரல் அப்போது பொறுக்க வேண்டும்.

நம் பக்கத்து மே மாதத்துக்கு இது அளவெடுத்துத் தைத்தது. காலையில் மேற்குக் காற்று, பிற்பகலில் கடற்காற்று. வடக்கு நோக்கிச் சுடுபவரின் ஸ்கோப்பில், வலப்பக்கம் ஓடிய கானல் சற்று நின்று கொதித்து, இடப்பக்கம் திரும்பும். கொடி அசைவது கொடி இருக்கும் இடத்துக் காற்றை மட்டும் சொல்லும். கானல் வழி நெடுகச் சொல்லும்.

இதே வெயில்தான் 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டனையும் படுத்தியது. பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் குன்றுப் பக்கம் வரை சுமார் 12 கிலோமீட்டருக்கு அவர் எஃகுச் சங்கிலி போட்டு அளந்தார்; இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவைக்கு ஆதாரக்கோடு அது. சூட்டில் சங்கிலி நீளும் என்பதால் கூடவே வெப்பமானிகள். அவருக்குப் பின் அந்த அளவைப் பொறுப்புக்கு வந்த ஜார்ஜ் எவரெஸ்ட், பகல் கானலோடு மல்லுக்கட்டாமல், இரவில் விளக்கேற்றி வைத்துத் தியோடலைட்டில் பார்த்தார். சுடுநருக்கு அந்த வசதி ஏது? போட்டி பகலில்தானே!

மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்கான ‘ஐ ரிலீஃப்’ பற்றி இந்த வாரம் எழுதுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். லாம்டன் இடத்தைப் பிடித்துக்கொண்டார். ட்ரைபாடோடு சேர்த்து அடுத்த வாரம். அதற்குள் கடைக்குப் போகிறவர்கள் ஏ.சி. அறைக்குள் நின்று பார்த்து ஏமாறாதீர்கள். நண்பகலில் குழலை வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லி, ஜி.எஸ்.டி. சாலையில் தூரத்துப் பெயர்ப்பலகை ஒன்றை முதலில் 60-இலும் பிறகு 30-இலும் படியுங்கள். எந்த எண்ணுக்குக் காசு கொடுப்பது என்று அந்தப் பலகையே சொல்லும்.

(தொடரும்)