உங்களுக்குத் தெரியுமா? வீட்டுக்குள் வரும் பாட்டில்

● தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும்.

● "கடைக்குப் போய் ஒரு குவார்ட்டர் வாங்கிட்டு வாடா" என்று மகனை அனுப்புகிற அப்பாக்களே, 18 வயது ஆகாத பிள்ளையை மது எடுத்துவர அனுப்புவதே குற்றம். இளைஞர் நீதிச் சட்டம் (2015), 78-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அந்த வயதுப் பிள்ளைக்கு மது கொடுத்தால் 77-வது பிரிவு. இரண்டுக்கும் 7 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். கோயில் கொடையன்று "ஒரு நாள்தானே" என்று சித்தப்பாவோ மாமாவோ ஊற்றிக் கொடுத்தாலும் குற்றம் குற்றமே.

● 15 வயதுக்கு முன்பே குடிக்கத் தொடங்குகிறவர்கள், 21 வயதில் தொடங்குகிறவர்களைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு குடிநோய்க்கு ஆளாகிறார்கள் என்று 1997-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆசையை அடக்குகிற, பின்விளைவை யோசிக்கிற மூளையின் முன்பகுதி முழுதாக வளர்ந்து முடிய 25 வயதாகிவிடும்.

● "வெளியே கண்டவனோடு குடிப்பதற்கு, வீட்டிலேயே நம் கண் முன்னால் ஒரு கிளாஸ் குடிக்கட்டும்" என்று சில பெற்றோர் நினைக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் சுமார் 1,900 பிள்ளைகளை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பெற்றோர் கையால் கொடுத்ததால் எந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை என்பதுதான் 2018-இல் வந்த முடிவு.

● அதே 2018, மே மாதம். சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த 17 வயது மாணவன். பிளஸ் டூ முடித்து, நீட் தேர்வு எழுதவிருந்தவன். தன் உயிரை மாய்த்துக்கொண்டான். அப்பா இனியாவது குடியை விட வேண்டும், மதுக்கடைகளை மூட வேண்டும் என்று எழுதி வைத்திருந்தான். சில நாளில் பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. ஆயிரத்துக்கு மேல் மார்க். ஒரு உயிர் போவதற்கு ஒற்றைக் காரணம் இருப்பதில்லை என்று மனநல மருத்துவர்கள் சொல்வார்கள். ஆனால் டீன் ஏஜ் குடி என்றால் பிள்ளை குடிப்பதை மட்டுமே பேசுகிறோமே, குடிக்கிற வீட்டில் உட்கார்ந்து படிக்கிற பிள்ளையை யார் கணக்கில் வைக்கிறோம்? ராத்திரி கதவு தட்டும் சத்தத்திலேயே இன்று எவ்வளவு போதை என்று கண்டுபிடித்துவிடுகிற பிள்ளைகள் நம் தெருவிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் "படிப்பு எப்படிப் போகுது?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "வீட்டில் எப்படிப்பா இருக்கு?" என்று ஆசிரியரோ அத்தையோ கேட்க வேண்டும்.

● இப்படிப்பட்ட பிள்ளைகள் ஒன்றுகூடிப் பேசுவதற்கென்றே 1957-இல் அமெரிக்காவில் 'அலட்டீன்' என்ற குழு தொடங்கப்பட்டது. சென்னையில் சாந்தி ரங்கநாதன், கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த பிறகு, 1980-இல் டி.டி.கே. மறுவாழ்வு மையத்தின் வேலையைத் தொடங்கினார். நோயாளியோடு குடும்பத்துக்கும் அங்கே சிகிச்சை உண்டு.

● ஐஸ்லாந்தில் 1998-இல், 15-16 வயதினரில் 42 சதவீதம் பேர் முந்தைய மாதத்தில் ஒருமுறையாவது போதையில் இருந்திருந்தார்கள். 2016-இல் அது 5 சதவீதம். மாலையில் விளையாட்டு, இசை வகுப்பு. ராத்திரி குறித்த நேரத்துக்குள் பிள்ளை வீட்டில். பெற்றோருக்குள் எழுத்தில் ஒப்பந்தம். இதைத்தான் செய்தார்கள்.

● அளவு மீறிக் குடித்து மயங்கிய பிள்ளைக்கு மோரோ எலுமிச்சைச் சாறோ புகட்டாதீர்கள். போதை இறங்காது, மூச்சுக்குழலில் போய் அடைக்கும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, தனியே விடாமல், 108-ஐ அழையுங்கள். "தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்பது ஆபத்து. கடைசி மடக்குக்குப் பிறகும் ரத்தத்தில் மதுவின் அளவு ஏறிக்கொண்டிருக்கும்.

● வருடக்கணக்காகத் தினமும் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அப்பா விட முடிவெடுத்தால் முதலில் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446. மனம் தாங்காமல் தவிக்கும் பிள்ளைகளும் பெரியவர்களும் 14416 அல்லது 104-இல் தமிழிலேயே பேசலாம்.