விசில் வராத குக்கர்

குக்கரில் பருப்பு வைத்து வெகுநேரமாகியும் விசில் வரவில்லை, ஆவியும் கசியவில்லை. உடனே அடுப்பை அணைப்போம். வெயிட்டுக்குக் கீழுள்ள சின்னத் துளையில் பருப்புத் தோல் அடைத்திருக்கும். உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கும். கடுவன் பூனை மணல் தட்டுக்கு மறுபடி மறுபடி போய், முக்கி முனகி, ஒரு சொட்டும் விடாமல் திரும்பினால் அதன் உடம்பிலும் இதுதான் நடக்கிறது.

பூனையின் சிறுநீரகத்துக்கு வற்றக்குழம்பு வைக்கிற கை. வறண்ட நிலத்துக் காட்டுப்பூனையின் வம்சம் அல்லவா? தண்ணீரை உடம்புக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, சிறுநீரை நன்றாகச் சுண்டவைக்கும். முற்றிய சர்க்கரைப் பாகு ஆறும்போது பாத்திர ஓரத்தில் பூத்து நிற்குமே, அப்படி அடர்ந்த சிறுநீரிலும் உப்புகள் படிகமாகலாம். அவை சளியோடு சேர்ந்து பசையாகி, கடுவனின் குறுகலான சிறுநீர்க் குழாயை அடைக்கும். பெட்டைக்குக் குழாய் அகலம், அடைப்பது அபூர்வம்.

அடைத்துவிட்டால் மூத்திரப்பை கல்லாக இறுகும். வெளியேற வேண்டிய கழிவு ரத்தத்தில் தேங்கும். பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பைக் குலைக்கும். ஒன்றிரண்டு நாளில் உயிரே போய்விடலாம். முக்குவதைப் பார்த்து மலச்சிக்கல் என்று நினைத்து, விளக்கெண்ணெய் கொடுத்துக் காத்திருப்பவர்களை எண்ணினால்தான் எனக்குப் பதறுகிறது. வயிற்றை அமுக்கிப் பார்க்காதீர்கள், பை கிழியலாம். வலிக்கென்று பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது. பூனைக்கு அது விஷம். இரவானாலும் அப்போதே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது, ரத்தம் கலந்திருக்கிறது, மெத்தையை நனைக்கிறது என்றால் பையில் அழற்சி இருக்கலாம். வீடு மாறியது, புதுப் பூனை வந்தது போன்ற கலவரமே இதைக் கிளப்பிவிடும். பழிவாங்குகிறது என்று அடிக்காதீர்கள், அதற்கு வலிக்கிறது.

குழம்பு ரசமாக நீர்த்துப்போவதும் உண்டு. மணலில் சிறுநீர்க் கட்டிகள் பெரிதாகி, தண்ணீர்க் கிண்ணமும் சீக்கிரம் காலியானால் சிறுநீரகம் சுண்டவைக்கும் திறனை இழந்துகொண்டிருக்கலாம், அல்லது சர்க்கரை நோய் இருக்கலாம். சிறுநீரகம் மூன்றில் இரண்டு பங்கு பழுதான பிறகே இது வெளியே தெரியும் என்பதால், வயதான பூனைக்கு ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

காலையில் டிகாக்‌ஷன் இறங்கும் நேரத்தில் நான் மணலைச் சலித்துக் கட்டிகளை எண்ணிவிடுவேன். மீன் வேகவைத்த தண்ணீரை, உப்பும் வெங்காயமும் சேராமல், தீனியில் ஊற்றி வைப்பேன். வெறும் தண்ணீரை முகர்ந்துவிட்டுப் போகிற பூனை, இதைக் கிண்ணம் வழிக்க நக்கிவிடும்.