கண் இழந்ததை மூளை மறைக்கிறது

குளுக்கோமா என்னும் கண் நீர் அழுத்த நோயால் பார்வை குன்றியவர்கள் உலகைக் கருந்திட்டுகளோடு காண்கிறார்கள் என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். விளக்கப் படங்களும் அவ்வாறே காட்டுகின்றன. 2013-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், இலண்டன் ஆய்வாளர்கள் இந்நோயாளர் 50 பேரிடம் சில படங்களைக் காட்டி, அவர்தம் பார்வை எதைப் போன்றது என வினவினர். கருந்திட்டுப் படத்தை ஒருவர்கூடத் தேர்ந்தெடுக்கவில்லை. சில பகுதி மங்கலாயிருக்கிறது என்றோர் பாதிக்கு மேல். குறையேதும் உணரவில்லை என்றோர் நால்வரில் ஒருவர்.

பார்வை போகிறது, போனது தெரிவதில்லை. இதற்கு விடை கண்ணில் இல்லை, மூளையில் இருக்கிறது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். வெள்ளைத் தாளில் ஒரு சிறு சிலுவைக் குறியும், அதற்கு வலப்புறம் நான்கு அங்குலம் தள்ளி மொச்சைக் கொட்டையளவு ஒரு கரும்புள்ளியும் இடுங்கள். இடக்கண்ணை மூடிக்கொண்டு, வலக்கண்ணால் சிலுவையை மட்டும் நோக்கியவாறு, கைநீட்டிப் பிடித்த தாளை மெல்ல அருகே கொண்டு வாருங்கள். ஏறத்தாழ ஒன்றேகால் அடித் தொலைவில் கரும்புள்ளி மறைந்துவிடும். அங்கே துளையும் தெரியாது, இருளும் தெரியாது. வெள்ளைத் தாளே தெரியும். பார்வை நரம்பு விழியை விட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்கள் இல்லை. அவ்விடத்தை மூளை சுற்றுப்புறத்தைக் கொண்டு நிரப்பி விடுகிறது. இக்குருட்டுப் புள்ளியை 1668-இல் உலகுக்கு அறிவித்த எட்ம் மரியோட், பிரான்சு நாட்டில் ஒரு துறவு மடத்தின் தலைவராய் இருந்தவர். திருச்சபைக்கும் அறிவியலுக்கும் என்றும் பகை என்போர் இவரையும் சற்று எண்ணிப் பார்க்கட்டும்.

குளுக்கோமாவிலும் மூளை இதே உதவியைச் செய்கிறது. அவ்வுதவியே தீங்காக முடிகிறது. விழியின் முன்பகுதியில் ஒரு தெளிந்த நீர் ஓயாது ஊறி வடிகிறது. அழும்போது வரும் கண்ணீர் வேறு, இது வேறு. வடிகால் தடைப்பட்டால் அழுத்தம் ஏறி, பத்து இலட்சம் இழைகள் கொண்ட பார்வை நரம்பு நலிகிறது. அழுத்தம் இயல்பாயிருந்தும் நரம்பு நலிவோர் உண்டு. இழைகள் ஒவ்வொன்றாய் மடிய, மூளை இட்டு நிரப்புகிறது. ஒரு கண்ணின் குறையை மறு கண்ணும் மறைக்கிறது.

இழப்பு கண்ணோடு நிற்பதுமில்லை. கனடாவின் டொராண்டோ ஆய்வாளர்கள் 2006-இல், இறந்த ஒரு குளுக்கோமா நோயாளரின் மூளையை ஆராய்ந்தபோது, கண்ணிலிருந்து செய்தி வந்து சேரும் நடுநிலையமும், பின்மண்டையிலுள்ள பார்வைப் பகுதியும் நலிந்திருக்கக் கண்டனர். 2007-இல் கலிபோர்னியாவில், உயிரோடிருக்கும் நோயாளரை ஸ்கேன் செய்து பார்த்ததில், பார்வை இழந்த இடங்களுக்குரிய மூளைப் பகுதியில் செயல் குறைந்திருந்தது. இதைக் கேட்டு, சித்தம் கலங்கிவிடுமோ என்று எவரும் அஞ்ச வேண்டியதில்லை. இங்கே பேசப்படுவது பார்வைக்குரிய நரம்புப் பாதை.

நம் மாநிலத்து நிலை என்ன? மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினர் தென் மாவட்டச் சிற்றூர்களில் 40 வயது கடந்த 5,150 பேரைச் சோதித்து 2003-இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 2.6 பேருக்கு இந்நோய் இருந்தது. பெரிதும் காணப்பட்ட வகையினருள் நூற்றுக்கு 93 பேர் அதுவரை தம் நோயை அறியாதிருந்தனர்!

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலில் உழைக்கும் நம் குடும்பங்களுக்கு ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும். பீங்கான் தூசி இந்நோயைத் தரும் என்று நாம் கூறவில்லை. ஆனால் களிமண் அரைக்குமிடத்திலும் பொம்மைக்குப் பிசிறு தேய்க்குமிடத்திலும் தூசி விழுந்து கண் உறுத்தும். உடனே மருந்துக்கடையில் கேட்டு ஒரு சொட்டு மருந்து, இதமாயிருக்கிறது, அடுத்த முறையும் அதே புட்டி. அதில் ஸ்டீராய்டு இருந்து, மாதக்கணக்கில் விட்டு வந்தால், சிலருக்குக் கண் அழுத்தம் ஏறி நரம்பு அழியும். டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசலோன் என்னும் பெயர்கள் புட்டியில் இருந்தால் மருத்துவர் சொல்லாமல் தொடாதீர்கள்.

கண் முகாம்களில் நாம் காண்பது இன்னொன்று. எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படித்தவர் 'எனக்கு ஒன்றுமில்லை, சாமி' என்று மகிழ்ந்து போய்விடுகிறார். அப்பலகை நடுப்பார்வையை மட்டுமே அளக்கும். குளுக்கோமாவோ பெரும்பாலும் ஓரத்திலிருந்து தின்னத் தொடங்கும். ஆகவே 40 வயதைக் கடந்தோர், சிறப்பாகப் பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் உள்ளோர், அழுத்தத்தோடு நரம்பையும் பார்க்கும்படி மருத்துவரைக் கேட்க வேண்டும். புதுச்சேரியில் ஜிப்மரும் அரவிந்தும் உள்ளன.

கண்புரையைப் போல் இதை அறுத்துப் பார்வையை மீட்க இயலாது. மருந்து எஞ்சியதைக் காக்கும், அவ்வளவே. வலியும் இல்லை, முன்னேற்றமும் தெரிவதில்லை என்று இடையில் நிறுத்திவிடுவோரே மிகுதியும் இழக்கிறார்கள். வேளாங்கண்ணி அன்னைக்கு வெள்ளியில் கண்ணுரு நேர்ந்துகொள்வதை நாம் குறை சொல்லோம். அந்நேர்ச்சையைச் சாக்கிட்டு மருந்தை விடுவது இறைவனைச் சோதிப்பதாகும்.

கை நடுங்கும் முதியோருக்குப் பேரப்பிள்ளைகள் மருந்து விடலாம். தலையைச் சாய்த்து, கீழிமையை இழுத்து, ஒரே சொட்டு. பின் கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையை இரண்டு நிமிடம் விரலால் மெல்ல அழுத்தியிருக்க வேண்டும். இரண்டாவது மருந்து இருப்பின் ஐந்து நிமிடம் கழித்து.