புதுப்பிக்கும் வீடு – 12: ஜாலிக்குக் கீழே என்ன?

சானிட்டரி கடைக்குப் போகும் குடும்பம் டைல்ஸ் பார்க்கவே அரை நாள் எடுத்துக்கொள்ளும். ஷவர், குழாய் வகையறாக்களுக்கு இன்னும் கொஞ்ச நேரம். பில் போடும்போதுதான் பிளம்பர் எழுதிக் கொடுத்த சீட்டின் கடைசி வரி கண்ணில் படும்: ‘ஜாலி – 3’. கடைக்காரர் நாலைந்து தகடுகளை எடுத்து மேசைமேல் வைப்பார். இருப்பதிலேயே பளபளப்பானது பைக்குள் போகும். குளியலறைத் தரையின் வடிகால் தேர்வு அத்தோடு முடிந்தது.

அங்கே தேர்ந்தெடுக்கப்பட்டது மூடி மட்டும்தான். நாற்றமும் கரப்பானும் மேலே வருமா வராதா என்பதைத் தீர்மானிக்கும் பாகம் தரைக்குள் புதைந்திருக்கிறது. பட்டியலில் ‘நஹானி ட்ராப்’ என்றும், பிளம்பர்கள் வாயில் ‘நானி ட்ராப்’ என்றும் வருவது அதுதான். அதன் வளைவில் எந்நேரமும் கொஞ்சம் தண்ணீர் நின்றுகொண்டிருக்கும். குளித்த தண்ணீர் அதைத் தள்ளிக்கொண்டு கீழே போகும். கழிவுக் குழாயின் காற்று அதைத் தாண்டி மேலே வர முடியாது. இந்தத் தண்ணீர்த் தடுப்புக்கு ‘வாட்டர் சீல்’ என்று பெயர். குறைந்தது 50 மி.மீ. ஆழம் வேண்டும் என்பது பொது விதி. லண்டனில் கடிகாரத் தொழில் செய்த அலெக்சாண்டர் கம்மிங், 1775-இல் தன் கழிப்பறை வடிவமைப்புக்கு வாங்கிய காப்புரிமையிலேயே இந்த வளைவு இருக்கிறது. 250 ஆண்டுகள் ஆகியும் கட்டுமானத் துறை அதைக் கைவிடவில்லை.

அந்தத் தண்ணீர் வற்றிப்போனால்?

2003 மார்ச்சில் ஹாங்காங்கின் அமாய் கார்டன்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் சார்ஸ் நோய் பரவியது. வயிற்றுப்போக்குடன் வந்த ஒரு நோயாளி, ‘ஈ’ பிளாக்கில் இருந்த உறவினர் வீட்டுக் கழிப்பறையைப் பயன்படுத்தியிருந்தார். ஏப்ரல் 15-க்குள் அந்தக் குடியிருப்பில் 321 பேருக்கு நோய். அவர்களில் ஐந்தில் இரண்டு பங்கினர் ‘ஈ’ பிளாக்காரர்கள். விசாரித்த சுகாதாரத் துறை, பரவலுக்கான காரணங்களில் ஒன்றாகச் சொன்னது குளியலறைத் தரை வடிகாலை. அங்கே பலர் தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவுவதில்லை, துடைத்துவிடுவார்கள். அதனால் ட்ராப்கள் காய்ந்து கிடந்தன. கதவைச் சாத்தி எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டதும், அது கழிவுக் குழாயின் காற்றை நுண்திவலைகளோடு குளியலறைக்குள் இழுத்தது. வாரம் ஒரு முறை ஒவ்வொரு தரை வடிகாலிலும் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள் என்று ஹாங்காங் சுகாதாரத் துறை இன்றும் மக்களிடம் சொல்லிவருகிறது.

வாளியும் மக்குமாகத் தினம் குளிக்கிற நம் வீடுகளில் ட்ராப் காய்வது அபூர்வம் என்றே தோன்றும். ஆனால் புதுப்பிப்பு வேலைகளில் இப்போது அதிகம் கேட்கப்படுவது, கண்ணாடித் தடுப்பு வைத்து ஈரப் பகுதி, உலர் பகுதி என்று பிரிப்பது. அப்படிப் பிரித்ததும் வாஷ்பேசின் பக்கத்துத் தரையில் தண்ணீர் விழுவதே நின்றுபோகிறது. அங்கே இருக்கும் வடிகால் சில வாரங்களில் வறண்டுவிடும். விருந்தினர் அறைக் குளியலறைக்கும், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையைப் பார்க்க மாதக்கணக்கில் பூட்டிவிட்டுப் போகும் வீட்டுக்கும் இதே நிலைதான். திரும்பி வந்து கதவைத் திறந்ததும் மூக்கைப் பொத்த வைப்பது பெரும்பாலும் இந்த வறண்ட ட்ராப்.

இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. பக்கவாட்டில் இணைப்பு வாய்கள் உள்ள ‘மல்டி ஃப்ளோர் ட்ராப்’ வாங்கி, வாஷ்பேசின் கழிவுக் குழாயை அதில் சேர்த்துவிடலாம். யாராவது கை கழுவும்போதெல்லாம் ட்ராப் தானாக நிரம்பிக்கொள்ளும். சங்கனை, அதாவது குளியலறைக்காகத் தாழ்த்திப் போட்ட தளத்தை, நிரப்பி டைல்ஸ் ஒட்டிய பிறகு இதைச் செய்ய வேண்டுமென்றால் மறுபடி உடைக்க வேண்டும்.

ட்ராப் வாங்கும்போது மூன்று வகைகள் எதிர்ப்படும். முதலாவது, முழு வளைவு கொண்ட ‘பி’ ட்ராப். ஆழம் அதிகம் கேட்கும், நம்பகமும் அதிகம். இரண்டாவது, ஜாலிக்கு அடியில் சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்த மணி வடிவ ட்ராப். ‘காக்ரோச் ட்ராப்’ என்ற பெயரில் கிடைப்பவற்றில் பல இந்த ரகம். இதில் நிற்கும் தண்ணீர் மிகக் குறைவு. முடி அடைத்துக்கொண்டது என்று யாராவது கிண்ணத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டால் சீல் அங்கேயே போயிற்று. மூன்றாவது, தண்ணீரே தேவையில்லை என்று விற்கப்படும் சிலிக்கான் நாக்கு, ஸ்பிரிங், காந்தம் வைத்த ரகங்கள். ஒரே ஒரு முடி நாக்கில் சிக்கினால் போதும், முழுதாக மூடாது. அமெரிக்காவின் பல மாநிலங்கள் பின்பற்றும் இன்டர்நேஷனல் பிளம்பிங் கோட், மணி வடிவ ட்ராப்பையும், சீலுக்காக அசையும் பாகங்களை நம்பும் ட்ராப்பையும் தடைப் பட்டியலில் வைத்திருக்கிறது. அடியில் சரியான ‘பி’ ட்ராப் இருந்து, அதற்கு மேல் கூடுதல் காவலாக இவற்றை வைத்தால் பாதகமில்லை.

பழைய அடுக்ககத்தில் வேலை செய்யும்போது முதல் கேள்வி, இருக்கும் ட்ராப்பை மாற்ற முடியுமா என்பது. தளம் தாழ்த்தப்பட்டிருந்தால் ட்ராப்பும் குழாயும் நம் வீட்டுத் தரைக்குள்ளேயே இருக்கும், உடைத்து மாற்றலாம். தாழ்த்தாமல் கட்டியிருந்தால் அவை கீழ்வீட்டுக் குளியலறையின் கூரைக்கடியில் தொங்கும். அப்போது கீழ்வீட்டுக்காரரிடம் பேசாமல் கையே வைக்க முடியாது. பழைய டைல்ஸை உடைக்காமல் அதன்மேலேயே புது டைல்ஸ் ஒட்டுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தரை உயர்ந்துவிடும், ட்ராப்பின் வாய் பழைய மட்டத்திலேயே நிற்கும். அந்த இடைவெளியை வெறும் சிமெண்டால் பூசி ஜாலியை வைத்துவிட்டுப் போனால், தண்ணீர் பூச்சின் விரிசல் வழியாகத் தரைக்குள் கசியும். உயரத்தைக் கூட்டும் குழாய்த் துண்டை ட்ராப்பின் வாயில் பொருத்தி, வாட்டர்ப்ரூஃப் பூச்சை அதன் விளிம்புவரை இழுத்துவிடுவதே முறை.

அடுத்தது அளவு. கம்பெனிப் பட்டியல்கள் ஷவரின் வேகத்தை வைத்தே வடிகாலின் திறனைச் சொல்கின்றன. நம் வீட்டில் துணி அலசிய 15 லிட்டர் வாளி ஒரே மூச்சில் கவிழ்க்கப்படும். வாஷிங் மெஷின் குழாயும் அதே ட்ராப்பில் வந்து விழுந்தால் நுரை மேலே பொங்கும். ஆகவே ஈரப் பகுதிக்கு 4 அங்குல ஜாலியைவிட 5 அல்லது 6 அங்குலம் நல்லது. மெஷினுக்குத் தனி இணைப்பு இன்னும் நல்லது.

சதுர ஜாலியா, நீளச் சேனலா என்பது அழகு சார்ந்த கேள்வி மட்டுமல்ல. நடுவில் சதுர ஜாலி வைத்தால் நாலு பக்கத்திலிருந்தும் வாட்டம் வேண்டும். அதற்கு டைல்ஸை மூலைக்கு மூலை அறுக்க வேண்டும். ஓரடிக்கு ஓரடி டைல்ஸ் என்றால் சமாளிக்கலாம், பெரிய டைல்ஸ் என்றால் வெட்டுக் கோடுகள் துருத்தித் தெரியும். சுவரோரம் நீளச் சேனல் வைத்தால் ஒரே பக்கம் சரிவு போதும், டைல்ஸ் முழுசாக உட்காரும். சேனலுக்குள்ளும் அழுக்கு தேங்கும் என்பதால், கழற்றித் தேய்க்க வசதியான மூடியாக இருக்க வேண்டும். 80-க்கு 1 என்ற வாட்டத்தில், 8 அடி நீளக் குளியலறையின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் ஏறக்குறைய 3 செ.மீ. வித்தியாசம் வரும். டைல்ஸ் போடுபவர் ‘கண்ணாலேயே பார்த்துக்கலாம்’ என்றால், ரசமட்டத்தை எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக, அந்தப் பளபளப்பு. 304 ரகத் துருப்பிடிக்காத எஃகில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். விலை குறைந்த 202 ரகத்தில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். இரண்டுமே பொதுவாகக் காந்தத்தில் ஒட்டாது என்பதால், கடையில் காந்தம் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. தகட்டில் பொறித்திருக்கும் ரக எண்ணையும் பில்லில் எழுதியிருப்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். உப்புத் தண்ணீர் வரும் போர்வெல் வீடுகளில் இந்த வித்தியாசம் சீக்கிரமே வெளுத்துவிடும். டைல்ஸ் கறைக்கு ஊற்றும் ஆசிட், அதாவது ஹைட்ரோகுளோரிக் அமிலம், 304-ஐயும் அரித்துப் புள்ளி புள்ளியாகக் குழி பறிக்கும். வேலை முடிந்த அன்றே தரையில் ஆசிட் ஊற்றிக் கழுவும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. ஜாலிகளைக் கழற்றி வைத்துவிட்டு அதைச் செய்யச் சொல்லலாம்.

டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் ட்ராப்பின் வாயை அடைத்து, தளத்தில் தண்ணீரை 24 முதல் 48 மணி நேரம் தேக்கி வைக்க வேண்டும். அந்த நேரத்தில் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரிந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டிய இடம் ட்ராப்பும் தளமும் சேரும் விளிம்பு. சோதனை தேறிய பிறகு ஜாலி வாங்கக் கடைக்குப் போனால் போதும்.

அடுத்த வாரம்: சங்கனை எதை வைத்து நிரப்புவது?

(தொடரும்)