பிந்தும் குரலும் காக்கும் தாளமும்

உத்திரமேரூர்த் திருவிழாவில், தெருவின் இரு முனைகளிலும் ஒலிபெருக்கி கட்டினால் ஒரே பாட்டு இரட்டையாகக் கேட்கும். ஏன் தெரியுமா? ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். எனவே 34 மீட்டர் கூடுதல் தொலைவிலிருந்து வரும் ஒலி 0.1 நொடி பிந்தும்.

கணிப்பொறி ஒலிப்பதிவிலும் இத்தொல்லை உண்டு. குரல், வயலின், மிருதங்கம் தனித்தனித் தடங்களில், நொடிக்கு 44,100 மாதிரிகளாகப் பதிவாகின்றன. குரலைச் சீர்செய்யும் கணக்கிற்கு 4,410 மாதிரிகளின் நேரம் பிடித்தால், குரல் 0.1 நொடி பிந்தித் தாளம் தப்பும். பிந்தியதை முன்னே இழுக்க இயலாது. ஆகவே மென்பொருள் மற்றத் தடங்களையும் அதே அளவு நிறுத்திவைத்து, எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புகிறது.

ஆனால், தம் குரலைக் காதொலிப்பானில் கேட்டபடியே பாடுபவருக்கு இம்முறை உதவாது. அப்போது அந்தக் கணக்கையே நிறுத்திவைக்க வேண்டும்.

நொடிக்கு 48,000 மாதிரிகளானால், 2,400 மாதிரிகள் எவ்வளவு தாமதம்? கணக்கிட்டுப் பாருங்களேன்!