பல்கலைக்கழகம் புகும் மாணவரும் பகிடிவதைச் சட்டமும்

நாவிதன்வெளியிலிருந்து ஒரு பிள்ளை பல்கலைக்கழகம் புகுவதென்றால் அஃது ஒரு வீட்டுச் செய்தி மட்டுமன்று, ஊர்ச் செய்தியுமாகும். மாரியில் வெள்ளம் மேவிப் பாயும் கிட்டங்கியைக் கடந்து கல்முனைப் பக்கம் படிக்கச் சென்ற பிள்ளை, இனிப் பேராதனைக்கோ கொழும்புக்கோ, அன்றி அண்மையில் ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கோ போகப்போகின்றது என்று கோயில் வீதியிலும் வயல் வரப்பிலும் பேசிக்கொள்வர். எம்மிடம் தமிழ் பயின்ற மாணவனொருவன் சில ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு சென்றான். மூன்றாம் வாரமே பெட்டியுடன் திரும்பிவிட்டான். காரணம் கேட்ட தந்தையாருக்கு விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றான். எம்மிடமும் அதனையே சொன்னான். பல மாதங் கழிந்த பின்னரே பகிடிவதை என்னுஞ் சொல் அவன் வாயினின்று வந்தது. அவன் மீண்டும் படிக்கப் போகவில்லை. இன்று கடையொன்றிற் கணக்கெழுதுகின்றான்.

அவனுக்குச் சட்டம் தெரியாது. உண்மையைச் சொல்லின், அன்று எமக்கும் தெரியாது. "கொஞ்ச நாட்கள்தானே தம்பி, பொறுத்துக்கொள்" என்று சொல்லி வழியனுப்பியவர்களுள் யாமும் ஒருவரே. அதனாலேயே இம்மலரில் இப்பொருளைப் பற்றி எழுதத் துணிந்தோம்.

இச்சட்டம் பிறந்த வரலாறு துயரமானது. 1975 ஆம் ஆண்டிலே பேராதனை இராமநாதன் விடுதியில் மாணவியொருவர் பகிடிவதைக்கு அஞ்சி மாடியினின்று குதித்து முடமானார். அப்பொழுது சட்டம் எதுவும் வரவில்லை. 1996 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் பொன் நாவரசு மூத்த மாணவர் ஒருவராற் கொலையுண்டார். அவர் தந்தையார் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராயிருந்தவர். தமிழ்நாட்டரசு 1997 இற் பகிடிவதையைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. அதே 1997 இற் பேராதனைப் பொறியியற் பீடத்துப் புதுமுக மாணவர் வரப்பிரகாஷ், கடும் உடற்பயிற்சிகளைச் செய்யுமாறு வற்புறுத்தப்பட்டுச் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். நம் மாவட்டத் தலைநகராகிய அம்பாறையிலும், ஹாடி தொழில்நுட்ப நிறுவன மாணவர் ஒருவர் அவ்வாண்டே அவ்வாறு மாண்டார்.

காரைதீவு தந்த விபுலாநந்த அடிகளார் 1931 இல் அண்ணாமலையிலும், 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதற் தமிழ்ப் பேராசிரியராய் வீற்றிருந்தவர். பேராதனை பின்னதன் வழிவந்தது. அவ்விரு பெயர்களையும் இத்தகைய செய்திகளில் அடுத்தடுத்துக் காண்பது இப்பகுதியினராகிய எமக்குத் தனி வருத்தம்.

நிற்க. இலங்கையில் 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம், கல்வி நிறுவனங்களிற் பகிடிவதையையும் ஏனைய வன்முறைகளையும் தடைசெய்தது. அதிற் பகிடிவதைக்குத் தரப்பட்ட வரைவிலக்கணத்தையே புதுமுக மாணவர் முதலில் அறிதல் வேண்டும். மாணவர் ஒருவருக்கோ பணியாளர் ஒருவருக்கோ உடற்காயத்தையோ உளக்காயத்தையோ, மன வேதனையையோ அச்சத்தையோ விளைவிக்கின்ற, அல்லது விளைவிக்கக்கூடிய எச்செயலும் பகிடிவதையாகும். செய்தவர் என்ன நினைத்துச் செய்தார் என்பதில் அன்று, பட்டவருக்கு என்ன விளைந்தது என்பதிலேயே இவ்விலக்கணம் நிற்கின்றது. விளையாட்டாகச் செய்தோம் என்பாருக்கு இதனால் இடமில்லை. முன்னின்று செய்தவர் மட்டுமன்றி அதிற் பங்குகொண்டவரும் குற்றவாளியே. வளாகத்தின் உள்ளே நிகழினும் புறத்தே நிகழினும் ஒன்றே; ஆதலின் வாடகை அறையில் நடந்தது என்பதும் விடையாகாது.

பகிடி என்பது நம் பேச்சுவழக்கில் வேடிக்கை. வதை என்பதோ துன்புறுத்தலையுங் குறிக்கும், கொலையையுங் குறிக்கும். இவ்விரண்டையும் ஒட்டிவைத்த சொல்லை எவர் ஆக்கினாரோ அறியோம், பொருத்தமாகவே ஆக்கினார்.

பகிடிவதைக்கு இரண்டாண்டு வரை கடூழியச் சிறைத்தண்டனை விதிக்கலாம். பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்கவும் நீதிமன்றம் கட்டளையிடலாம். பாலியற் தொல்லையோ கொடுங்காயமோ விளைந்தாற் சிறை பத்தாண்டு வரை நீளும். அச்சுறுத்தி ஒன்றைச் செய்விப்பதற்கு ஐந்தாண்டு. பணயமாகப் பிடித்துவைப்பதற்கு ஏழாண்டு.

இச்சட்டம் ஒருபக்கத்து உரிமையை மட்டும் கூறுவதன்று. உபவேந்தரை அறையில் அடைத்துவைப்பதும், கட்டடங்களைப் பலாத்காரமாகக் கைப்பற்றுவதும், உடைமைகளைச் சேதப்படுத்துவதும் இதே சட்டத்தின்கீழ்க் குற்றங்கள். சேதப்படுத்தலுக்கு இருபதாண்டு வரை சிறையும் சேதத்தின் மும்மடங்கு குற்றப்பணமும் உண்டு. உடலைச் சிதைத்தவனுக்குப் பத்தாண்டும் சுவரைச் சிதைத்தவனுக்கு இருபதாண்டும் என்னும் இந்த அளவுகோல் எமக்கு விளங்கவில்லை. சட்டம் பயின்ற பழைய மாணவர் எவரேனும் விளக்குவாராயின் கேட்கச் சித்தமாயுள்ளோம். மாணவர் சங்கம் அமைத்தலோ குற்றமன்று; 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டமே அதற்கு இடமளித்துள்ளது. குற்றஞ்சாட்டப்பட்ட மாணவரும் உரிமையற்றவரல்லர். அவர் தம் பக்கத்து நியாயத்தைக் கூறக் கேளாது தண்டித்தல் முறையாகாது.

இவ்வளவு கடுமையான சட்டம் இருந்தும் பகிடிவதை ஒழிந்தபாடில்லை. முறைப்பாடு செய்வாரின்மையே பெருங்காரணம் என்பது எம் கருத்து. முறையிட்டால் நண்பர் சேரார், குறிப்புகள் தாரார், சங்கத்தார் ஒதுக்கிவைப்பர் என்னும் அச்சம் பிள்ளைகளை வாய்மூடச் செய்கின்றது. அவ்வாறு ஒதுக்குவதாகப் பயமுறுத்துவதும் மேற்கூறிய இலக்கணத்துள் அடங்கும் என்பதை அவர்கள் அறியார். நம் பழைய மாணவர் கூட்டங்களிலும் குற்றமுண்டு. தாம் பட்டதையும் பிறரைப் படுத்தியதையும் சிரித்துச் சிரித்துச் சொல்லும்போது, பின்வரிசையில் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டு நிற்கின்றனர்.

முறையிட விரும்புவோர் முதலில் மாணவர் ஆலோசகரிடமோ பீடாதிபதியிடமோ சொல்லலாம். உபவேந்தருக்கு எழுதலாம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கும் நேரே முறைப்பாடு அனுப்பலாம். இது நாட்டின் சட்டத்தின்கீழ்க் குற்றமாதலின் பொலிஸ் நிலையத்துக்குச் செல்லவும் எவரது அனுமதியும் வேண்டியதில்லை. நாள், நேரம், இடம், உடனிருந்தோர் பெயர் ஆகியவற்றை அன்றன்றே குறித்துவைத்தல் நலம். பிந்தினால் நினைவு மயங்கும்.

அண்மையில் எம்மிடம் விடைபெற வந்த இருவருக்கு அவ்வரைவிலக்கணத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்தோம். ஒருவர் அதனைக் கையடக்கத் தொலைபேசியிற் படமெடுத்துக்கொண்டார். மற்றவருடைய தாயார் அத்தாளை வாங்கி, இருமுறை வாசித்து, மகளின் அனுமதிக் கடிதத்துடன் சேர்த்து வைத்துக்கொண்டார்.